நாற்பத்து மூன்று பில்: லாசரஸ் கற்கப் போய் நான் பட்டது

2024 தை மாதம், ஒரு பெரிய முகூர்த்தத்துக்கு மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு மச்சினனிடமிருந்து போன். “மாமா, நேத்து போட்ட பில் ஒண்ணுகூட இல்லையே.” தூக்கக் கலக்கத்தில், “கம்ப்யூட்டரை ஒருதடவை அணைச்சுப் போடுடா” என்றேன். “ரெண்டு தடவை போட்டாச்சு மாமா. முந்தாநாள் பில் வரைக்கும்தான் இருக்கு.” முந்தாநாள் வரை இருந்தவை நான் சோதனைக்குப் போட்டவை என்று எனக்குத் தெரியும். அவன் நாள் முழுக்க உட்கார்ந்து போட்ட நாற்பத்து மூன்று பில்லும் காணோம். அந்த புரோகிராமை எழுதியவன் நான்.

திண்டுக்கல் பக்கம் அவனுக்கு வாடகைப் பாத்திரக் கடை. அண்டா, குண்டா, சாம்பார் வாளி, ஜமுக்காளம், நாற்காலி, ஷாமியானா என்று கல்யாண வீட்டுக்கு வேண்டியதெல்லாம் போகும், வரும். யார் எத்தனை எடுத்தார்கள், எத்தனை திரும்பி வந்தது என்பதுதான் அங்கே கணக்கே. எவரோ பல வருடங்களுக்கு முன் டெல்ஃபியில் (பாஸ்கல் மொழியில் புரோகிராம் எழுதும் ஒரு விலைச் சாதனம்) எழுதிக் கொடுத்த புரோகிராமில் அது ஓடிக்கொண்டிருந்தது. 2023 ஜூன் மாதம் ஹார்ட் டிஸ்க் போனது. எழுதியவரைத் தேடினால் போன் நம்பர் மாறிவிட்டது. ஒரு பென் டிரைவில் பழைய இஎக்ஸ்இ மட்டும் இருந்தது, எழுதிய மூல வரிகளான சோர்ஸ் கிடையாது. நான் ஒரு மில்லில் கணக்கு எழுதுகிறவன். ஆனால் காலேஜில் படிக்கும்போது பாஸ்கல் லேபில் கெட்டிக்காரன் என்று பெயர். “நானே எழுதித் தர்றேன், ரெண்டு மாசம் கொடு” என்று வாய் விட்டுவிட்டேன். ஏழு மாதம் ஆனது. அதில் நான்கு மாதமாவது வெட்டியாகப் போனது என்று இப்போது தெரிகிறது. எந்தப் புத்தகத்தை எப்போது திறக்க வேண்டும் என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நான்கு மாதம் மிஞ்சியிருக்கும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பாஸ்கலில் எழுத இலவசமாகக் கிடைப்பவை ஃப்ரீ பாஸ்கலும் லாசரஸும். இரண்டும் ஒன்று என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். இரண்டும் வேறு. ஃப்ரீ பாஸ்கல் என்பது கம்பைலர், நாம் எழுதியதைக் கணினி ஓட்டும் புரோகிராமாக மாற்றுவது. ஃப்ளோரியன் கிளெம்ஃபில் என்பவர் 1993இல் தொடங்கியது. லாசரஸ் அந்தக் கம்பைலரை வைத்துக்கொண்டு ஃபார்ம், பட்டன், கிரிட் எல்லாம் இழுத்துப் போட்டு வேலை செய்கிற சூழல், 1999இல் தொடங்கியது. அதற்கு முன் மெகிடோ என்று ஒரு முயற்சி நடந்து நின்றுபோயிருந்தது. செத்த திட்டத்துக்கு உயிர் கொடுக்கிறோம் என்றுதான், பைபிளில் நான்காம் நாள் கல்லறையிலிருந்து எழுந்து வருகிற லாசருவின் பெயரை வைத்தார்கள். பெயர் அழகு. தேடினால்தான் கஷ்டம். லாசரஸ் என்று மட்டும் போட்டால் ஒரு பக்கம் பைபிள் வசனம், இன்னொரு பக்கம் வடகொரிய ஹேக்கர் கூட்டம். பாஸ்கல் என்று போட்டால் காற்றழுத்தம். முதல் வாரம் முழுக்க எனக்கு இப்படித்தான் போனது. “லாசரஸ்” என்பதோடு “ஃப்ரீ பாஸ்கல்” என்பதையும் சேர்த்து, தேடுகிற யூனிட்டின் (ஒரு கோடு ஃபைல்) பெயரையோ காம்பொனெண்ட்டின் (பட்டன், கிரிட் போன்ற உறுப்பு) பெயரையோ அப்படியே போட்டால்தான் வேண்டியது வரும்.

இரண்டும் வேறு என்பதை விளக்கிச் சொல்லக் காரணம், ஆவணங்களும் இரண்டு இடத்தில் இருக்கின்றன. கம்பைலருக்கும் அதோடு வரும் லைப்ரரிக்கும் (தயாராக எழுதி வைத்த ஃபங்ஷன்களின் தொகுப்பு) தனிக் கையேடுகள். ஃபார்ம், பட்டன், மெமோ போன்றவை எல்சிஎல் என்ற லைப்ரரியைச் சேர்ந்தவை. அதற்கு வேறு ஆவணம். ஸ்ட்ரிங்கை (எழுத்துச் சரத்தை) வெட்டுவது எப்படி என்று எல்சிஎல் பக்கத்தில் தேடினால் ஜென்மத்துக்கும் கிடைக்காது. நான் தேடினேன்.

முதலில் வீட்டில் இருந்த உபுண்டு லேப்டாப்பில் போட்டேன். அதற்கு மூன்று டெப் ஃபைல் இறக்க வேண்டும்: கம்பைலர், கம்பைலரின் சோர்ஸ், லாசரஸ். சோர்ஸ் எனக்கெதற்கு, நான் என்ன கம்பைலரா எழுதப் போகிறேன் என்று நடுவில் இருந்ததை விட்டுவிட்டேன். அந்த ஒரு ஃபைலை விட்டதற்குக் கொடுத்த விலை கொஞ்சமில்லை. லாசரஸில் எந்தச் சொல்லின் மேலும் கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு கிளிக் செய்தால், அது எங்கே அறிவிக்கப்பட்டிருக்கிறதோ அந்த வரிக்கே கூட்டிப் போகும். சோர்ஸ் இல்லையென்றால் கம்பைலரோடு வரும் யூனிட்டுகளுக்குள் போகாது. கோடு எழுதும்போது தானாக முடித்துக்கொடுப்பதும் பாதி வேலை செய்யாது. எஃப்1 அழுத்தினேன், உதவி எதுவும் கிடைக்கவில்லை என்று ஒரு பெட்டி வந்தது. ஓசியில் வருவது இப்படித்தான் இருக்கும் என்று முடிவு கட்டிவிட்டேன். அப்புறம் கடைக் கணினி விண்டோஸ்தானே என்று வீட்டிலும் விண்டோஸில் போட்டேன். அங்கே ஒரே இன்ஸ்டாலரில் எல்லாம் சேர்ந்தே வந்தது. ஆனால் எஃப்1 வேலை செய்யாது என்பது மனதில் பதிந்துவிட்டதால் அதற்கப்புறம் மூன்று மாதம் அந்தப் பொத்தானைத் தொடவே இல்லை. உண்மையில் விண்டோஸில் லாசரஸ் ஃபோல்டருக்குள் டாக்ஸ், அதற்குள் சிஎச்எம் என்று ஒரு ஃபோல்டரில் மொத்த உதவியும் தூங்கிக்கொண்டிருந்தது. முதல் தடவை எஃப்1 அழுத்தும்போது எல்ஹெல்ப் என்ற சின்ன புரோகிராம் வேண்டும் என்று கேட்டால் ‘சரி’ என்று சொல்லிவிடுங்கள். அதற்கப்புறம் கர்சர் எந்தச் சொல்லில் நிற்கிறதோ அதன் பக்கம் நேராகத் திறக்கும். இன்டர்நெட்கூட வேண்டாம்.

எஃப்1 இல்லை என்று நம்பியவன் என்ன செய்வான்? காசு கொடுத்துப் படிக்கப் போவான். ‘லாசரஸ், டெல்ஃபி டேட்டாபேஸ் புரோகிராமிங்’ என்று ஆன்லைனில் ஒரு வகுப்பு, 6,500 ரூபாய். நடத்தியவர் பெயரைச் சொல்லிப் பயனில்லை. முதல் இரண்டு வீடியோவில் லாசரஸின் முகம் தெரிந்தது. மூன்றாவதிலிருந்து டெல்ஃபி 7. அது 2002இல் வந்தது. “ரெண்டும் ஒண்ணுதான், இதுல செஞ்சா அதுலயும் வரும்” என்று ஒரு வரியில் முடித்துக்கொண்டார். பழைய புத்தகக் கடையில் 900 ரூபாய்க்கு இரண்டு டெல்ஃபி புத்தகம் வேறு வாங்கினேன். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று என்பது உண்மைதான். மொழி நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு ஒத்துப்போகும். மீதிப் பத்துப் பங்கில்தான் என் நாற்பத்து மூன்று பில் போனது. அந்தக் கதைக்கு வருகிறேன். டெல்ஃபி தெரிந்தவர்களுக்கென்றே லாசரஸ் விக்கியில் (பயன்படுத்துகிறவர்கள் சேர்ந்து எழுதும் ஆவணத் தளம்) ‘லாசரஸ் ஃபார் டெல்ஃபி யூசர்ஸ்’ என்று ஒரு பக்கம் உண்டு. என்னென்ன வேறு என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். ஓசியில் படித்திருக்க வேண்டியது. டெல்ஃபி புத்தகத்தைக் கையில் எடுப்பதற்கு முன் அந்தப் பக்கத்தைப் படித்துவிடுங்கள்.

வகுப்பு கைவிட்ட பிறகு ஃப்ரீ பாஸ்கலின் கையேடுகளைக் கண்டுபிடித்தேன். பிடிஎஃப்பாகவே கிடைக்கின்றன, இலவசம். பெரும்பாலும் மிஷேல் வான் கன்னெய்ட் எழுதியவை; அவரே கம்பைலர் குழுவிலும் ஒருவர். ரெஃபரன்ஸ் கைடு, யூசர்ஸ் கைடு, புரோகிராமர்ஸ் கைடு, அப்புறம் ஆர்டிஎல், எஃப்சிஎல் என்ற இரண்டு லைப்ரரிகளுக்கும் தனித்தனி. நான் செய்த முட்டாள்தனம், புரோகிராமர்தானே நாம் என்று புரோகிராமர்ஸ் கைடைத் திறந்து முதல் பக்கத்திலிருந்து படித்தது. கம்பைலருக்குக் கொடுக்கும் கட்டளைகள், அசெம்பிளி சேர்ப்பது, ஆப்ஜெக்ட் ஃபைல், மெமரி அமைப்பு என்று போய்க்கொண்டே இருந்தது. இரண்டு வாரம் தலையில் ஒன்றும் ஏறவில்லை. வயதாகிவிட்டது, இனி நமக்கு வராது என்றே நினைத்தேன். ஒருநாள் ராத்திரி லேப்டாப்பை மூடிவிட்டு வீட்டுக்காரியிடம், “உன் தம்பிகிட்ட வேற ஆளைப் பார்க்கச் சொல்லு” என்றுகூடச் சொல்லிவிட்டேன்.

புத்தகத்தில் குறையில்லை, நான் எடுத்த வரிசைதான் தப்பு. மொழியின் இலக்கணம் வேண்டுமென்றால் ரெஃபரன்ஸ் கைடு: கேஸ் எப்படி எழுதுவது, ப்ராப்பர்ட்டி என்றால் என்ன, டைப்புகளின் அளவு என்ன என்பதெல்லாம். கம்பைலரை எப்படி ஓட்டுவது, எந்த ஆப்ஷன் என்ன செய்யும் என்றால் யூசர்ஸ் கைடு. ஒரு ஃபங்ஷன் பெயர் தெரியும், எந்த யூனிட்டில் இருக்கிறது, என்ன கேட்கும் என்றால் ஆர்டிஎல். டேட்டாபேஸ் காம்பொனெண்ட் என்றால் எஃப்சிஎல். புரோகிராமர்ஸ் கைடு கடைசியில். அகராதியை யாரும் முதல் பக்கத்திலிருந்து படிப்பதில்லை; இவையும் அகராதிதான். பாடமாகப் படிக்க வேறு வேண்டும். எனக்கு உதவியது மிகாலிஸ் கம்புரெலிஸ் எழுதி இலவசமாகவே வைத்திருக்கும் ‘மாடர்ன் ஆப்ஜெக்ட் பாஸ்கல்’ அறிமுகம். ஏற்கெனவே ஏதாவது ஒரு மொழியில் கைபழகியவர்களுக்கு எழுதப்பட்டது. என்னைப்போல் டர்போ பாஸ்கலோடு நின்றவர்களுக்கு, நடுவில் மொழி எவ்வளவு வளர்ந்துவிட்டது என்பது அதில்தான் உறைக்கும். கிளாஸ், எக்ஸப்ஷன், ஜெனரிக்ஸ், உருவாக்கிய ஆப்ஜெக்ட்டை யார் விடுவிக்க வேண்டும் என்பது எல்லாம் இருக்கிறது. புரோகிராமிங்கே புதிது என்றால் அதில் தொடங்க வேண்டாம், திணறிப்போவீர்கள்.

இங்கே ஒரு சின்ன விஷயம், கையேட்டில் ஒரு வரிதான், எனக்கு ஒரு வாரம். பழைய பழக்கத்தில் நோட்பேடில் சின்னச் சின்ன சோதனை புரோகிராம் எழுதி, கறுப்புத் திரையில் கம்பைல் செய்து பார்ப்பேன். நாற்காலி 250, ஒரு சீசனுக்கு ஒரு நாற்காலிக்கு வரும் வாடகை 160. இரண்டையும் பெருக்கி இன்டீஜரில் போட்டேன். வந்த விடை −25536. நாற்பதாயிரம் வரவேண்டிய இடத்தில் கழித்தல். காலேஜில் படித்த பெருக்கல்கூட மறந்துவிட்டதா என்று காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். ரெஃபரன்ஸ் கைடில் இன்டீஜர் பற்றிய பகுதியில் பதில் இருந்தது. இந்தக் கம்பைலருக்குப் பல ‘மோடு’ உண்டு. ஃபைலின் தலையில் எதுவும் சொல்லாமல் கறுப்புத் திரையில் கம்பைல் செய்தால் இன்டீஜருக்கு 16 பிட்தான், 32767க்கு மேல் தாங்காது. ஆப்ஜெஎஃப்பிசி மோடு அல்லது டெல்ஃபி மோடு என்று சொன்னால் 32 பிட். லாசரஸ் தானாகத் திறக்கும் யூனிட்டில் அந்த மோடு வரி முதலிலேயே இருக்கும். நாமே நோட்பேடில் எழுதினால் இருக்காது. ஒரே வரிகள், லாசரஸுக்குள் ஓடினால் சரி, வெளியே தப்பு. பேய் பிடித்தது போல இருந்தது. இதைவிட எனக்குக் கோபம், எல்லை மீறியதும் அது வாயே திறக்காமல் தப்பான எண்ணைக் கொடுத்தது. ரேஞ்ச் செக்கை நாம்தான் போட வேண்டும். போட்டிருந்தால் ரன்டைம் எரர் 201 என்று அங்கேயே நின்றிருக்கும். எழுதிப் பழகும் காலத்தில் புராஜெக்ட் ஆப்ஷன்ஸில் ரேஞ்ச், ஓவர்ஃப்ளோ இரண்டு பெட்டியையும் டிக் செய்துவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள். ரூபாய்க் கணக்குக்கு டபுள் என்ற தசம எண் டைப் வேண்டாம், கரன்சி என்றே ஒரு டைப் இருக்கிறது. தசமத்துக்குப் பின் நான்கு இலக்கம் பிசகாமல் நிற்கும்.

தமிழ் இன்னொரு பாடு. பொருள் பெயர்கள் தமிழில்தான் வேண்டும் என்று மச்சினன் பிடிவாதம். ஃபார்மில் தமிழ் அழகாகத் தெரிந்தது, அதில் குறையில்லை. பில்லில் பொருள் பெயருக்கு இருபது எழுத்து இடம் ஒதுக்கி, காப்பி என்ற ஃபங்ஷனால் முதல் இருபதை எடுத்தேன். ‘சாம்பார் வாளி’ என்பது ‘சாம்பா’ என்று வந்து, பின்னால் ஒரு கட்டம். சாம்பார் வாளியும் சாம்பார் கரண்டியும் பில்லில் ஒன்றாகிவிட்டன. லாசரஸ் ஸ்ட்ரிங்கை யூடிஎஃப்-8 முறையில் வைக்கிறது. அதில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். நம் கண்ணுக்கு ‘சா’ ஒரு எழுத்து. கணினிக்கு அது ச, துணைக்கால் என்று இரண்டு குறி, ஆறு பைட். லெங்த் என்ற ஃபங்ஷன் எண்ணுவது பைட்டை. ‘தமிழ்’ என்ற சொல்லைக் கொடுத்தால் 15 என்று சொல்லும். லேஸ்யூடிஎஃப்8 என்ற யூனிட்டைச் சேர்த்து யூடிஎஃப்8லெங்த் கேட்டால் 5. நாம் எண்ணினால் 3. இருபது பைட்டில் ஆறு குறி முழுதாக ஏறி, ஏழாவதான ‘ர’ நடுவில் அறுபட்டதுதான் அந்தக் கட்டம். யூடிஎஃப்8காப்பி போட்டால் கட்டம் வராது. ஆனாலும் தப்பான இடத்தில் வெட்டினால் புள்ளி மட்டும் அறுந்து ‘சாம்பார்’ ‘சாம்பார’ ஆகும். நான் கடைசியில் வெட்டுவதையே விட்டுவிட்டு, அந்தப் பெயர் காகிதத்தில் எவ்வளவு அகலம் பிடிக்கும் என்று டெக்ஸ்ட்விட்த் வைத்து அளந்து, இடம் போதாவிட்டால் எழுத்தைச் சின்னதாக்கிவிட்டேன்.

தமிழுக்காக விக்கியைப் படித்தபோதுதான் இன்னொன்று புரிந்தது. விக்கியில் பழைய பக்கமும் புதிய பக்கமும் கலந்து கிடக்கின்றன. 2016இல் லாசரஸ் 1.6 வந்தபோது ஸ்ட்ரிங் கையாளும் முறை மாறியது. அதற்கு முந்தைய பதிப்புகளுக்காக எழுதிய அறிவுரைகளைப் பார்த்து, ஸ்ட்ரிங்கை இந்த முறைக்கு மாற்று, அந்த முறைக்கு மாற்று என்று ஐம்பது அறுபது இடத்தில் எழுதி வைத்திருந்தேன். ஒன்றுகூடத் தேவையில்லை. ஒரு பக்கத்தைத் திறந்ததும் அது எந்தப் பதிப்பைப் பற்றிப் பேசுகிறது என்று பாருங்கள். 0.9 என்று கண்ணில் பட்டால் எச்சரிக்கையாகப் படியுங்கள்.

எல்சிஎல் ஆவணத்தில் சில இடங்களில் பெயர் மட்டும் இருக்கும், விளக்கம் வெறுமையாக இருக்கும். முதலில் எரிச்சலாக வரும். அவை எஃப்பிடாக் என்ற கருவியால் உருவாவதால் அப்படி. சோர்ஸிலிருந்து பெயர்களைத் தானே எடுத்துக்கொள்ளும். விளக்கத்தை யாராவது தனி எக்ஸ்எம்எல் ஃபைலில் எழுதினால்தான் உண்டு. அப்படி வெறுமையாக இருந்த இடத்தில் எனக்குக் கைகொடுத்தது, நான் முதல் நாள் வேண்டாம் என்று தள்ளிய அதே சோர்ஸ். கன்ட்ரோல் கிளிக் செய்து உள்ளே போய்ப் பார்த்தால், பாஸ்கல் என்பதால் இங்கிலீஷ் வாக்கியம் போலப் படித்துவிடலாம். பாடம் நடத்துவதற்காகவே வந்த மொழி இது. 1970இல் நிக்லாஸ் விர்த் உருவாக்கினார். நான் பில் ஃபார்மோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அதே நாட்களில், 2024 ஜனவரி 1 அன்று, அவர் காலமானார். செய்தியைப் படித்த அன்று ராத்திரி வேலை ஓடவில்லை.

எக்ஸாம்பிள்ஸ் என்ற ஃபோல்டரையும் சொல்ல வேண்டும். லாசரஸ் ஃபோல்டருக்குள்ளேயே அப்படியே திறந்து ஓட்டிப் பார்க்கும் புராஜெக்டுகள் கிடக்கின்றன. புதிய பதிப்புகளில் டூல்ஸ் மெனுவிலிருந்தே தேடி எடுக்கலாம். பிரிண்டருக்கு நான்கு நாள் போராடினேன். ‘பிரிண்டர்ஸ்’ யூனிட்டைக் காணோம் என்றே கம்பைலர் சொல்லிக்கொண்டிருந்தது. எக்ஸாம்பிள் ஒன்றைத் திறந்து புராஜெக்ட் இன்ஸ்பெக்டரைப் பார்த்தேன், தேவையான பேக்கேஜ் பட்டியலில் பிரிண்டர்4லாசரஸ் இருந்தது. என் புராஜெக்டில் இல்லை. சேர்த்தேன், முடிந்தது. யூனிட்டைக் காணோம் என்று எரர் வந்தால் பாதை தேடி அலையாதீர்கள், பேக்கேஜ் சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஒருவழியாக பென் டிரைவில் போட்டுக் கடைக்குக் கொண்டுபோனேன். மச்சினன், அவன் மனைவி, கடைப் பையன் மூவரும் பின்னால் நிற்க, டபுள் கிளிக் செய்தால், பில்களைச் சேமிக்கும் டேட்டாபேஸான எஸ்க்யூலைட்டின் லைப்ரரியை ஏற்ற முடியவில்லை என்று ஒரு பெட்டி. மானம் போனது. என் கணினியில் அந்த லைப்ரரி ஃபைல், அதாவது டிஎல்எல், ஏற்கெனவே இருந்ததால் எனக்குத் தெரியவில்லை. இறக்கிக் கொண்டுபோய்ப் போட்டேன், அப்போதும் அதே பெட்டி. நான் இறக்கியது 64 பிட், என் புரோகிராம் 32 பிட். கடையில் பழைய 32 பிட் விண்டோஸ் 7 என்பதால் அப்படிக் கம்பைல் செய்திருந்தேன். டிஎல்எல் புரோகிராமின் பிட்டோடு பொருந்த வேண்டும், விண்டோஸின் பிட்டோடு இல்லை. இஎக்ஸ்இ இருக்கும் ஃபோல்டரிலேயே பக்கத்தில் வைத்துவிட்டால் போதும். அன்றைக்குக் கடைக்கும் வீட்டுக்குமாக மூன்று நடை.

இனி அந்த நாற்பத்து மூன்று பில். பொருள் பட்டியலுக்கான ஃபார்மை டேட்டாபேஸ் காம்பொனெண்ட்டுகளான எஸ்க்யூஎல்டிபி பற்றிய விக்கி பாடத்தைப் பார்த்து எழுதினேன். பில் ஃபார்மை அவசரத்தில் வகுப்பு வீடியோ பார்த்து எழுதினேன். வீடியோவில் அவர் டெல்ஃபியின் பழைய டேபிள் காம்பொனெண்ட் வைத்து, அப்பெண்ட், விவரம், போஸ்ட் என்று மூன்று படியில் முடித்தார். அந்தக் காம்பொனெண்ட்டில் போஸ்ட் என்றால் ஃபைலில் எழுதியாயிற்று. லாசரஸின் எஸ்க்யூஎல்குவெரியில் போஸ்ட் என்றால் மெமரியில் எழுதியாயிற்று, அவ்வளவுதான். அதற்கு மேல் அப்ளைஅப்டேட்ஸ் சொன்னால்தான் டேட்டாபேஸுக்குப் போகும். அதற்கும் மேல் டிரான்ஸாக்‌ஷனைக் கமிட் செய்தால்தான், அதாவது உறுதி செய் என்று சொன்னால்தான், நிலைக்கும். நான் போஸ்டோடு நிறுத்திவிட்டேன். வம்பு என்னவென்றால், கிரிட்டில் எல்லாம் தெரியும். பில் போடப் போட வரிசையாக ஏறும், தேடினால் கிடைக்கும், பிரிண்ட்டும் ஆகும். புரோகிராமை மூடும்போது எச்சரிக்கை, எரர், ஒரு முனகல்கூட இல்லாமல் அத்தனையும் போய்விடும். நான் சோதித்தபோது இருந்த பில்கள் வேறொரு கருவியால் நேராக டேட்டாபேஸில் ஏற்றியவை. என் ஃபார்மில் போட்டுப் பார்த்ததை மூடித் திறந்து பார்க்கவே இல்லை. அந்த ஒரு காரியத்தைச் செய்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

முன்பெல்லாம் மச்சினன் பில்லுக்கு ஒரு நகல் வைத்துக்கொள்வான். “அதான் கம்ப்யூட்டர்ல இருக்கே, எதுக்குக் காகிதம்” என்று நிறுத்தச் சொன்னதும் நான்தான். அன்று முழுக்க அவனும் கடைப் பையனும் நினைவில் இருந்த கல்யாண வீடுகளுக்கெல்லாம் போன் போட்டார்கள். பெரும்பாலோர் நல்லவர்கள், கையில் இருந்த பில்லைப் பார்த்துச் சொன்னார்கள். சிலர் பில்லையே தொலைத்துவிட்டார்கள். கடைசியில் 14 சாம்பார் வாளியும் 2 அண்டாவும் வரவில்லை. வாளி 350, அண்டா 3,250. மொத்தம் 11,400 ரூபாய். கொடுத்தேன், வாங்க மாட்டேன் என்றான். அவன் அக்கா கையில் கொடுத்துச் சேர்த்தேன். வகுப்பு, புத்தகம் எல்லாம் சேர்த்தால் 18,800. நான் வேலை பார்க்கிற இடமே கணக்கெழுதும் இடம் என்பதை நினைக்கும்போதெல்லாம் கூசுகிறது.

இது எங்கேயும் எழுதாமல் மறைத்த விஷயமில்லை. விக்கியில் ‘ஒர்க்கிங் வித் டிஎஸ்க்யூஎல்குவெரி’ என்ற பக்கத்தில் பச்சையாக எழுதியிருக்கிறது. எஃப்சிஎல் கையேட்டிலும் அப்ளைஅப்டேட்ஸுக்குக் கீழே இருக்கிறது. கர்சரை அந்தச் சொல்லில் வைத்து எஃப்1 அழுத்தியிருந்தால் வந்திருக்கும். இன்னும் கேட்டால், ஃப்ரீ பாஸ்கல் 3.0 முதல் எஸ்க்யூஎல்குவெரியின் ஆப்ஷன்ஸில் இதைத் தானாகச் செய்ய வழியே இருக்கிறது: எஸ்க்யூஓஆட்டோஅப்ளைஅப்டேட்ஸ், எஸ்க்யூஓஆட்டோகமிட், கமிட் ஆனதும் கிரிட் காலியாகாமல் இருக்க எஸ்க்யூஓகீப்ஓப்பன்ஆன்கமிட். மூன்று டிக். இரண்டை மட்டும் போட்டு மூன்றாவதை விட்டால், ஒவ்வொரு பில்லுக்கும் கிரிட் காலியாகி இன்னொரு தடவை நெஞ்சடைக்கும். எனக்கு அதுவும் நடந்தது. ஆனால் தானாக நடப்பதை நம்பும் மனநிலை எனக்கு இல்லை என்பதால் சேமி பட்டனில் போஸ்ட், அப்ளைஅப்டேட்ஸ், கமிட் மூன்றையும் நானே வரிசையாக எழுதி, கமிட் முடிந்த பிறகுதான் பிரிண்டருக்குப் போகும்படி வைத்திருக்கிறேன். நடுவில் ஏதாவது தவறினால் ரோல்பேக் ஆகிப் பழைய நிலைக்கே திரும்பும், பில் அச்சாகாது. காகிதம் வெளியே வந்துவிட்டால் உள்ளே ஏறிவிட்டது என்று அர்த்தம். மூடும்போது அன்றைய டேட்டாபேஸ் ஃபைலைத் தேதி போட்டு ஒரு பென் டிரைவில் நகலெடுக்கவும் செய்கிறது.

அதற்குப் பின் அந்த புரோகிராம் ஒரு பில்லையும் தொலைக்கவில்லை. மாதக் கடைசியில் எந்தப் பொருள் எத்தனை தடவை வெளியே போனது என்று ஒரு ரிப்போர்ட் கேட்டிருக்கிறான். அதற்காக லேஸ்ரிப்போர்ட்டோடு போராடிக்கொண்டிருக்கிறேன், இந்தத் தடவை எக்ஸாம்பிள்ஸ் ஃபோல்டரிலிருந்து ஆரம்பித்து. போன முகூர்த்தத்துக்குக் கடைக்குப் போனபோது மச்சினன் கணினியில் பில் போட்டு, காகிதம் வந்ததும் வாங்கிப் பார்த்துவிட்டு, கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து அதிலும் எழுதிக்கொண்டான். என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. நான் ஒன்றும் கேட்கவில்லை.